காற்றை மிச்சம் பிடித்த நாள்

காலை 11.50.

நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. முன்பெல்லாம் அதில் விபத்தில்லாமல் கழிந்த நாட்களை எழுதுவார்கள். ஆறு மாதமாக மின்சாரச் சேமிப்பை எழுதுகிறார்கள். பெரியவனின் உடலைக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டு வந்தவர்கள், அந்தப் பலகையைத் தாண்டித்தான் ஆம்புலன்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "இன்று காலை, இதுவரை இல்லாத சேமிப்பு. எல்லோருக்கும் பாராட்டு."

யாருக்கும் அதை அழிக்கத் தோன்றவில்லை. பிணத்தைத் தூக்கிப் போகிறவன் டஸ்டரைத் தேடிக்கொண்டா இருப்பான்?

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் முதலில் பலகையைப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். எதையும் இரண்டு தரம் பார்ப்பதும் கேட்பதும் அவருக்கு ஊறிப்போன பழக்கம். சாட்சி மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்ததும், "மறுபடி சொல்லுங்க" என்பார். ஊரில் அவருக்கு 'மறுபடியம்மா' என்றே பெயர். பொய் சொல்கிறவன் இரண்டாம் தடவையும் அச்சடித்த மாதிரி அதையேதான் சொல்வான். உண்மை சொல்கிறவனுக்குத்தான் விட்டுப்போனது ஒன்று ஞாபகம் வரும் என்பது அவர் கட்சி.

நடந்தது இவ்வளவுதான். அன்று வாராந்தரப் பராமரிப்பு நாள். கரி வெட்டு இல்லை. பூமிக்குள் விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்குத்தான் ஆட்கள். அவர்களில் பெரியவனும் ஒருவன். நாற்பத்தைந்து வயதானாலும் ஊருக்கு அவன் பெரியவன்தான். அவன் அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோர் வாயிலும் பதிந்துவிட்டது. சுரங்கப் பாதையின் கூரை இறங்காமல் மரத்தூண் நிறுத்தி, தூணுக்கும் கூரைக்கும் நடுவில் ஆப்பு அடித்து இறுக்குவது அவன் வேலை. கடைசி முனையில், கைவிட்ட பழைய குழிகளை ஒட்டிய பாதையில், தனியாகத் தூண் மாற்றிக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்குப் போனில் தகவல் சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை. மேஸ்திரி தேடிக்கொண்டு போனார். பெரியவன் மண்டியிட்டபடியே தூணில் சாய்ந்திருந்தான்.

காயம் இல்லை. அடிதடி நடந்த அடையாளம் இல்லை. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"மூச்சுக்குக் காத்து கிடைக்கல. கெட்ட காத்த சுவாசிச்சிருக்கார்."

பழைய குழிகளிலிருந்து கெட்ட காற்று எப்போதும் கசிந்துகொண்டுதான் இருக்கும். மேலே இருக்கும் பெரிய விசிறி நல்ல காற்றை இழுத்து அதை அடித்துக்கொண்டு போய்விடும். காற்றோட்டம் குறைந்தால், கனமான கெட்ட காற்று தரையோடு தரையாகத் தேங்கும். தூணின் அடியில் மண்டியிட்டிருந்தவன் முகம் அதற்குள் முழுகியிருக்கும். அவன் இடுப்பில் ஒரு கருவி இருந்தது. அது எரிகிற வாயுவுக்கு மட்டும்தான் கத்தும். காற்று இல்லாததற்குக் கத்தாது.

அவன் பக்கத்தில் கிடந்ததாக மேஸ்திரி கொண்டு வந்தவை: ஒரு கோடரி, பாதி தண்ணீரோடு ஒரு பாட்டில், நான்கு ஆப்புகள். இன்ஸ்பெக்டர் ஓர் ஆப்பைக் கையில் எடுத்தார். முழங்கை நீளம், உள்ளங்கை அகலம். எல்லாப் பக்கமும் கோடரியால் செதுக்கியது. தடித்த முனையில் வரிசையாக மூன்று வெட்டுகள்.

"அது என்ன ஏட்டு, மூணு கோடு?"

ஏட்டு அதே ஊர்க்காரர். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரியும்.

"பெரியவன் அடையாளம் மேடம். அவன் ஆப்பு நல்லா இருக்கும்னு ஆளாளுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அதுக்காகப் போட்டு வச்சான். ரம்பத்தையே தொட மாட்டான், எல்லாம் கோடரி வேலை."

இன்ஸ்பெக்டர் நான்கையும் பையில் போடச் சொன்னார்.

பகல் 12.45.

சேமிப்பு இன்ஜினியரின் அறையில் ஒரு பெரிய திரை. அதில் பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் நாற்பது வயதுக்காரர். மனிதர் கெட்டவரில்லை; அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கரியை வெட்டுவதற்காகவே கரியை எரித்து மின்சாரம் எடுக்கிற கொடுமையைக் கொஞ்சமாவது குறைக்கலாம் என்று வந்தவர். இந்தச் சுரங்கம் தின்னும் மின்சாரத்தில் பாதியை அந்த ஒரே விசிறி தின்கிறது. ஊரின் வானம் இருக்கிற இருப்பைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல நாக்கு எழாது. இன்ஸ்பெக்டர் வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டே பல வருடங்கள் ஆகின்றன.

"இங்க பாருங்க மேடம்." அவர் கோட்டின் மேல் விரலை வைத்தார். "பத்தேகாலுக்கு மேல விசிறி எடுத்துக்கிட்ட மின்சாரம் சட்டுனு இறங்குது. பதினோரு மணி வரைக்கும் அப்படியே இருக்கு. அப்புறம் பழையபடி ஏறுது."

"அப்படின்னா?"

"யாரோ விசிறியோட வேகத்தக் குறைச்சிருக்காங்க. கீழ ஆள் இல்லாதப்ப குறைச்சுக்கலாம்னு ஒரு திருகு வச்சுக் குடுத்தோம். அது விசிறிக் கூடத்துல இருக்கு. அங்க இருந்தது ஒருத்தர்தான்."

"வேகம் எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியுமா?"

"அது பதிவாகாது. மின்சாரம் மட்டும்தான் பதிவாகும்."

"ஏன்?"

"தலைமையகத்துல அத மட்டும்தான் கேக்கறாங்க."

"வாசல்ல பாராட்டு எழுதினது யாரு?"

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் எழுதச் சொன்னேன். அப்ப எனக்கு விஷயம் தெரியாது."

பிற்பகல் 2.10.

விசிறிக்காரரைக் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அறுபதை நெருங்குகிற மனிதர். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, மடியில் திறக்காத சாப்பாட்டு டப்பா.

"திருகைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"இதுக்கு முன்னாடி?"

"தொட்டிருக்கேன். ஆளுங்க எல்லாரும் மேல வந்த பிறகு, ஆபீஸ்ல இருந்து சொன்னா குறைப்பேன்."

"இன்னைக்கு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானும் தொடல."

"மறுபடி சொல்லுங்க."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொடலன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

"காலையிலேருந்து எல்லாரும் நீதான் நீதான்னு சொல்றாங்க மேடம். எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சு. வேகம் குறைஞ்சா சத்தம் மாறும். எனக்குச் சத்தம் மாறின மாதிரி ஞாபகமே இல்ல. ஆனா என் காத யாரு நம்புவாங்க?"

அவரை மறுநாள் மாலை நான்கு மணிக்கு நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும் என்று மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். கொலைக்குச் சமமான அலட்சியம் என்று வழக்கு. திரையில் கோடு இருக்கிறது, திருகு இருக்கிறது, பக்கத்தில் ஒரே ஆள் இருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது மேலதிகாரியின் கேள்வி. அந்த வயதில் உள்ளே போனால் மனிதர் திரும்பி வரமாட்டார் என்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

வாசலில் ஒரே கூச்சல். பெரியவனின் தம்பி சின்னவன் வந்திருந்தான். பூமிக்குள் பேட்டரி இன்ஜின் ஓட்டுகிறவன். நான்கு வருடத்துக்கு முன் கூரை சரிந்து இடது முழங்கால் நசுங்கிவிட்டது. அண்ணன்தான் கையைக் காலைப் பிடித்து அவனுக்கு அந்த உட்கார்ந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன். நொண்டியபடியே படியேறி வந்து விசிறிக்காரரின் சட்டையைப் பிடித்தான்.

"எங்கண்ணன் என்னய்யா பாவம் பண்ணுச்சு? உன் போர்டுல நம்பர் ஏத்தறதுக்கு எங்கண்ணன்தான் கிடைச்சாரா?"

விசிறிக்காரர் தடுக்கக்கூட இல்லை. ஏட்டுதான் கையை விலக்கி அவனை உள்ளே கூட்டி வந்தார்.

"அந்த நேரத்துல நீ எங்க இருந்தே?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அண்ணனுக்குத்தான் மரம் ஏத்திட்டுப் போனேன் மேடம். குறுக்குப் பாதையில பேட்டரி படுத்துடுச்சு. சும்மா கொஞ்ச நேரம் விட்டா உயிர் வரும். உக்காந்திருந்தேன். அப்புறம் வண்டி மெல்ல நகர்ந்துச்சு, அப்படியே திருப்பிட்டு வந்துட்டேன்."

"மறுபடி சொல்லு."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மரம் ஏத்திட்டுப் போனேன். பேட்டரி படுத்துடுச்சு. உக்காந்திருந்தேன், கண் அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா தலையில கட்டியிருந்த துண்டக் காணோம். காத்துல அடிச்சுட்டுப் போயிடுச்சு. அண்ணன் வாங்கிக் குடுத்த துண்டு மேடம். இப்ப அதுவும் இல்ல." இன்ஸ்பெக்டர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

ஜீப்பில் ஏறும்போது அவர் கேட்டார்.

"பூமிக்கு அடியில துண்டு பறக்குமா ஏட்டு?"

"மேலயே ஒண்ணும் பறக்க மாட்டேங்குது மேடம். வேர்த்து ஊத்துது பாருங்க."

மறுநாள் காலை 9.30.

மேஸ்திரி முன்னால் நடந்தார். நடுவில் இன்ஸ்பெக்டர். பின்னால் ஏட்டு, தலைக்கவசம் கண்ணை மறைக்க, தனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருப்பதை அடிக்கடி நினைவூட்டிக்கொண்டே வந்தார்.

கூண்டிலிருந்து இறங்கிய இடத்தில் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் வலப்பக்கம் ஒரு பாதை பிரிந்தது. அதன் குறுக்கே கனத்த மரக்கதவு. அதைத் தாண்டி, ஓர் இன்ஜினும் இரண்டு பெட்டியும் நிற்கும் அளவு இடம் விட்டு, அதே மாதிரி இன்னொரு கதவு.

"இதுதான் குறுக்குப் பாதை," என்றார் மேஸ்திரி. "நல்ல காத்து இந்தப் பக்கமாப் போயி, கடைசி முனை வரைக்கும் சுத்தி, அந்தப் பக்கமாத் திரும்பி வரணும். நடுவுல இந்தக் குறுக்கு வழி இருக்கு பாருங்க, இதுல பூந்துடக் கூடாதுன்னுதான் கதவு. ஒண்ணத் தொறந்து, உள்ள வந்து, அத மூடிட்டுத்தான் அடுத்ததத் தொறக்கணும். எப்பவும் ஒண்ணு மூடியே இருக்கணும்."

"இன்ஜின் வந்தாலும்?"

"இன்ஜின் வந்தாலும்தான். நிறுத்தி, இறங்கி, தொறந்து, ஏறி, ஓட்டி, நிறுத்தி, இறங்கி, மூடி. அப்புறம் அடுத்த கதவுக்கும் அதே பாடு. நின்னு நின்னு கிளம்பினா பேட்டரி குடிக்கும். முன்னெல்லாம் மதியம் ஒரு தரம் சார்ஜ் போட்டுக்குவாங்க. இப்ப ராத்திரி மட்டும்தான். சேமிப்பு."

"நடுவழியில படுத்துட்டா?"

"ரெண்டு மூணு தரம் படுத்தா ஆள மாத்திடுவாங்க. ஓட்டத் தெரியலம்பாங்க."

இரண்டு கதவையும் முறைப்படி தாண்டினார்கள். மேஸ்திரி மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் புழுக்கம். சின்னவனின் இன்ஜின் நின்ற இடத்தில் தண்டவாளத்தின் மேல் எண்ணெய் சொட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்து ஒரு சிட்டிகை தூசியைச் சுரண்டி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் விட்டார். தூசி நேராகக் கீழே விழுந்தது. இன்னொரு சிட்டிகை எடுத்து விட்டார். அதுவும் நேராகத்தான் விழுந்தது.

"இங்க காத்தே கிடையாதா?"

"கதவு மூடியிருக்கே. இங்க சிலந்தி வலை கூட ஆடாது மேடம்."

இன்ஸ்பெக்டர் முன்னே நடந்தார். சற்றுத் தள்ளிச் சுவரோரம் ஒரு இரும்புக் குழாய் போனது. அதைத் தாங்கும் கொக்கியில் நீலத் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது, மனிதக் கை எட்டாத உயரத்தில். ஏட்டு கம்பு தேடி அதை எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி துண்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் கரி அப்பியிருந்ததால் நிறம் மாறியது தெரியவில்லை. ஆனால் திரும்பிப் போய், மூடிய கதவை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார்.

திரும்பி வரும்போது இன்ஸ்பெக்டர் இரண்டு கதவின் அடிப்பக்கத்திலும் குனிந்து விளக்கைக் காட்டினார். இரண்டிலும் ஒரே உயரத்தில் மரம் நசுங்கியிருந்தது. ஒருநாள் நசுங்கல் இல்லை. பல நாள் நசுங்கல்.

இன்ஜின் கொட்டகையில் நின்றது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கோணிப்பை. அதில் ஒரு சுத்தியல், ஒரு டம்ளர், ஒல்லியாக இரண்டு ஆப்புகள். அவற்றின் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று ரம்பம் போட்டது; மற்ற பக்கமெல்லாம் கோடரி வேலை. ஒன்றின் தடித்த முனையில் இரண்டு வெட்டு. மற்றதில் ஒரு வெட்டு. ரம்பம் போட்ட பக்கத்தைச் சேர்த்து வைத்தால் இடையில் தலைமுடி போகாது.

ஏட்டு வழக்கமாக எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். அன்று இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நேராக ஜீப்புக்குப் போனார்.

பகல் 12.20.

"ஒரே ஒரு கேள்வி சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "திருகைத் தொடாமலே விசிறி எடுத்துக்கற மின்சாரம் குறையுமா?"

"குறையாது மேடம்," என்றார் இன்ஜினியர்.

"மறுபடி யோசிச்சுச் சொல்லுங்க. கீழ குறுக்குப் பாதையில ரெண்டு கதவும் தொறந்திருந்தா?"

இன்ஜினியர் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றார். தனக்குத் தானே பேசிக்கொள்வது போலச் சொன்னார்.

"நீளமான உறிஞ்சு குழாயில இளநீர் குடிச்சா கன்னம் வலிக்கும். குட்டைக் குழாயில குடிச்சா வலிக்காது. ரெண்டு கதவும் தொறந்தா காத்து கடைசி முனைக்குப் போகாது. குறுக்கு வழியில பூந்து உடனே திரும்பிடும். விசிறிக்கு இழுக்கறது சுலபம். நம்ம விசிறி ரகத்துக்கு மின்சாரம் குறையும். வேகம் அதேதான் இருக்கும். சத்தமும் மாறாது."

"கடைசி முனையில?"

"ஒண்ணுமே போகாது." அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அது சேமிப்பே இல்ல மேடம். அவருக்குப் போக வேண்டிய காத்து. நான் அதுக்குப் பாராட்டு எழுதச் சொன்னேன்."

ஆறு மாதமாக அந்தப் பச்சைக் கோட்டில் அங்கங்கே ஒரு நிமிடம், அரை நிமிடம் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்துகொண்டிருந்தன. அவரும் பார்த்திருக்கிறார். நல்ல பள்ளம் என்று நினைத்திருக்கிறார். கோடு கீழே இறங்கினால் சந்தோஷப்பட வேண்டும் என்றுதானே அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் அழவில்லை. அழுதிருந்தால் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிற்பகல் 2.30.

அண்ணன் தம்பி வீடு இரண்டு அறை. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மர பெஞ்ச், சுவரில் ஆணியடித்து மாட்டிய இரண்டு பழைய தலைக்கவசம். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, காது நன்றாகக் கேட்கும், கண் மட்டும் மங்கல். பெரியவனின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. சின்னவன் பெஞ்சில் காலை நீட்டியிருந்தான். போலீஸைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு," என்றார் இன்ஸ்பெக்டர். நீலத் துண்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

அவன் முகம் மலர்ந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "எங்க மேடம் கிடைச்சுது?"

"நீ உக்காந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, குழாய்க் கொக்கியில. காத்து அடிச்சுட்டுப் போச்சுன்னு சொன்னியே. அங்க ஏது காத்து?"

அவன் துண்டைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"விசிறி வேகம் குறைஞ்சிருந்தா அன்னைக்கு எல்லா இடத்துலயும் காத்து குறைஞ்சிருக்கணும். உன் தலையில மட்டும் துண்டு பறந்திருக்கு. நான் இன்னைக்கு அங்க நின்னேன். தூசி கூட நகரல. அந்த இடத்துல துண்டு பறக்கணும்னா ரெண்டு கதவும் தொறந்திருக்கணும்." ஏட்டு பையிலிருந்து இரண்டு ஒல்லி ஆப்புகளையும் எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். "உன் சீட்டுக்கு அடியில இருந்துச்சு. ரெண்டு கதவுலயும் இத முட்டுக் குடுத்த தடம் இருக்கு."

சின்னவன் ஆப்புகளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தலைக்கவசத்தைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷந்தான் மேடம் வைப்பேன்," என்றான். "தாண்டினதும் எடுத்துடுவேன். தினமும் அப்படித்தான். இந்தக் கால வச்சுக்கிட்டு ஏறி இறங்கி, ஏறி இறங்கி... பேட்டரியும் தாங்காது. போன மாசமே ரெண்டு தரம் படுத்துடுச்சு. இன்னொரு தரம் படுத்தா வண்டியப் புடுங்கிடுவாங்க. அன்னைக்கும் தாண்டினதும் எடுத்துடலாம்னுதான் வச்சேன். கதவத் தாண்டினதும் வண்டி நின்னுடுச்சு. உயிர் வந்தா இதே வழியா உடனே திரும்பணுமேன்னு எடுக்காம விட்டேன். காத்து நல்லா சிலுசிலுன்னு வந்துச்சு. அசந்துட்டேன்."

"முழிச்சதும்?"

"வண்டி நகர்ந்துச்சு. வெளிய வந்தேன். ரெண்டு கதவையும் மூடினேன். மேல வந்தா அண்ணனத் தூக்கிட்டு வராங்க." அவன் குரல் உயர்ந்தது. "விசிறின்னு சொன்னாங்க மேடம். எல்லாரும் விசிறின்னுதானே சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. நம்பத்தான் செய்திருக்கிறான். நம்பாமல் இருந்திருந்தால் அவனால் ஒரு நொடி உட்கார்ந்திருக்க முடியாது. காவல் நிலையத்தில் அந்த வயதானவரின் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, தனக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்துவிடாமல்தான் அவன் அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறான் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது.

"ஒரு கதவு," என்றான் அவன். "ஒரு கதவ மட்டும் மூடியிருந்தா?"

"மூடியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

மெல்லச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் அவர் நினைத்துக்கொண்டு வந்தார். மெல்லச் சொல்ல வழியே இல்லை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் விசிறிக்காரர் நீதிமன்றத்துக்குப் போவார், அல்லது இவன் போவான். ஒருவரை விட்டால் இன்னொருவர் என்கிற இந்தக் கணக்கு அவருக்குக் கசந்தது. ஏட்டிடம் கண்ணைக் காட்டினார். ஏட்டு வாசலுக்குப் போய் நிலையத்துக்குப் போன் செய்தார். விசிறிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி சொல்வது கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஆப்புகளைப் பையில் போடக் குனிந்தபோது அம்மாவின் கை முந்திக்கொண்டது. மங்கல் கண்ணுக்குத் தெரியாததை விரல் பார்த்தது. ஒன்றில் இரண்டு வெட்டு, ஒன்றில் ஒரு வெட்டு. தடவித் தடவி, வழவழப்பான பக்கங்களைச் சேர்த்து வைத்தார். மூன்று வெட்டும் வரிசையாகச் சேர்ந்தன.

"இது பெரியவன் செஞ்சது," என்றார்.

"ஆமாம்மா."

"இங்கதான் உக்காந்து செதுக்கினான். தம்பிக்குக் கால் முடியல, கதவு முகத்துல வந்து அடிக்குது, தொறந்த கதவு அசையாம இருக்க ஒண்ணு வச்சுக்கட்டும்னான். ஒண்ணுதான் செஞ்சான். ரெண்டாவது கேட்டதுக்குக் குடுக்கல. ஒண்ணே போதும்டா, ரெண்டு கூடவே கூடாதுன்னு கோவிச்சுக்கிட்டான்."

சின்னவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அது இன்ஸ்பெக்டருக்குப் புதுச் செய்தி. பெரியவன் தெரிந்தேதான் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறான். அவர் கேட்க விரும்பாத ஒன்றை, வழக்குக்காகக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

"இத எங்க வச்சு ரெண்டா அறுத்தாங்க?"

அம்மா சேர்த்து வைத்த ஆப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இறுக்கினார். எதையோ செய்து காட்டுகிறார் என்பது இன்ஸ்பெக்டருக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"இந்தக் கட்டில் மேலதான். பெரியவன் வேலைக்குப் போயிருந்தான். நீளவாக்குல அறுக்கணும்மா, வழுக்குது, கொஞ்சம் பிடிச்சுக்கோன்னான் சின்னவன். எதுக்குடான்னு நான் கேக்கல. பிள்ளைக்கு வேலை நிக்கணுமேன்னு இருந்துச்சு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

ஏட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வெளியே தெருவில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள், அது ஓடிக்கொண்டிருந்தது.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொருவரிடமும் கேட்ட அந்த வார்த்தையை இன்ஸ்பெக்டர் அன்று கேட்கவில்லை. அந்த அம்மாதான், யாரும் கேட்காமல், மறுபடி சொன்னார்.

"ஆடாம பிடிச்சுக்கிட்டேன்."